உட்பிரிவு

இடது தொடையில், முட்டுக்கு மேலே நாலு விரற்கடை.
அங்கே முடிகிறேன் நான்.
அதற்குக் கீழே இருப்பது நல்ல கால்.
வரப்பு தாண்டும், வண்டியை உதைத்துக் கிளப்பும்,
நோய்நொடி கிடையாது.
என்னுடையது இல்லை, அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசில்
பன்னிரண்டு வருஷமாக சர்வேயர்.
எல்லை தெரியாதவள் இல்லை.
பட்டா என் பேரில், அனுபோகமும் என்னிடம்,
ஆனாலும் புறம்போக்கு.
ஆக்கிரமித்திருப்பது அதுவா நானா என்று
முப்பது வருஷமாக வழக்கு.
உட்பிரிவு கேட்டு மனுப் போட
இதற்கொரு ஆபீஸ் இல்லை.

குளிக்கையில் மஞ்சள் வலது பாதத்தோடு தீர்ந்துவிடும்.
கல்யாணத்தன்று இரண்டிலும் மெட்டி போட்டார் பிரமநாயகம்.
இடது மெட்டியை
யாரோ கொடுத்துவைத்த நகைபோல
பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

எட்டு வயதில், சேரன்மகாதேவி ஸ்டேஷனில்
கக்கத்தில் கட்டையூன்றி ஒருத்தி இறங்கினாள்.
அம்மா உச்சுக்கொட்டினாள்.
எனக்கு நாக்கு வறண்டது,
என் அளவுக்குத் தைத்த சட்டையை
இன்னொருத்தி போட்டிருக்கக் கண்டதுபோல.

வண்ணார்பேட்டை எலும்பு டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் மாட்டிச் சிரித்தார்:
"காலு ஜம்முனு இருக்கேம்மா!"
அதுதானே டாக்டர், என்றேன் மனசுக்குள்.

இவர் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனார்.
புற்றுமண் பூசிவிட்டு
உண்டியலில் போட வெள்ளித்தகட்டில் ஒரு கால் வாங்கித் தந்தார்.
கொடு என்று கேட்கவா, எடு என்று கேட்கவா?
பின்னால் வரிசை நெருக்கியது.
ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டேன்.
கோமதியம்மாள் அதை எந்தக் கணக்கில் எழுதினாளோ.

ஆபீஸ் வாசலில் மனு எழுதும் பலவேசம்
சர்க்கரைக்கு வலது காலைக் கொடுத்தவர்.
"இல்லாத காலு ராத்திரியில அரிக்கு, தாயி.
எங்கிட்டுப் போய்ச் சொறிய?"
அவர் கட்டை சுவரில் சாய்ந்திருக்கும்.
அதைப் பாராமல் ஒரு டீ குடித்து முடிக்க
நான் படும் பாடு.
பொறாமை என்று வாய்விட்டுச் சொன்னால்
அந்தக் கட்டையாலேயே அவர் என்னை அடிக்கலாம்.
தப்பில்லை.

கெட்ட ராத்திரிகள் உண்டு. அவற்றை எழுதப்போவதில்லை.
அப்படி ஒன்றின் மறுநாள்தான்
பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.
ஐகிரவுண்டு, ஓ.பி. சீட்டு, பதினேழாவது டோக்கன்.

டாக்டர் ஜெபசெல்வி சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
"எதுலேர்ந்து எதுவரை?"
நாற்பது வயதில் முதல்முறையாக
என்னிடம் ஒருவர் சர்வேயரின் கேள்வியைக் கேட்கிறார்.
சேலைக்கு மேலேயே விரலால் கோடு கிழித்துக் காட்டினேன்.
கை நடுங்கியது, கோடு நேராகத்தான் வந்தது.

இதற்கு நீளமாக ஒரு பேர் இருக்கிறதாம்.
வேறு ஊர்களில், வேறு வேறு கோட்டோடு,
ஆட்களும் இருக்கிறார்களாம்.
"வெட்டணும்னு சொல்ல மாட்டேன்.
நீங்க பொய் சொல்லுதீங்கன்னும் சொல்ல மாட்டேன்.
போயிரும்னு சத்தியம் பண்ணவும் என்னால ஆகாது.
செவ்வாக்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை போகிறேன்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
கெட்ட நேரத்தில் முதலில் போன் செய்வதாக
எழுதிக் கொடுத்திருக்கிறேன், தேதியிட்டு, கையெழுத்திட்டு.

விளக்கை அணைத்தபிறகு இவரிடம் சொன்னேன்.
வெகுநேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
"அப்பம் இத்தன நாளா நான் அமுக்கிவிட்டது யாரு காலு?"
சிரித்தோமா அழுதோமா, இருட்டில் தெரியவில்லை.

கன்னடியன்கால், கோடகன்கால், பாளையங்கால், நதியுண்ணிக்கால்.
இந்தச் சீமையில் ஆற்றுக்குத்தான் எத்தனை கால்.
ஒன்றையும் அது தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

நேற்று கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அளவு.
நடவு வயலில் இரண்டும் புதைந்தன.
சேற்றுக்குள் கோடு தெரியவில்லை,
ஒரு பத்து நிமிஷம்.
பிறகு மடையில் உட்கார்ந்து கழுவினேன்.
முதலில் என்னுடையதை.
கொஞ்சம் நிறுத்தி,
அதையும்.